இடது காலில் பிரேக், பின் சீட்டில் நான்

2009-இல், பொங்கல் கழிந்த மறுவாரம், கடலூர் ஓ.டி., அதாவது ஓல்டு டவுனிலிருந்து குமராட்சி வரைக்கும் என் பழைய வண்டியில் போனேன். கடலூரிலிருந்து சிதம்பரம் நாற்பத்தைந்து கிலோமீட்டர், அங்கிருந்து குமராட்சி பதினைந்து. பழைய வண்டி வைத்திருக்கிற நாலைந்து பேர் இந்த ரூட்டில் போகலாமா என்று கேட்டிருந்தார்கள். போகலாம். இதை முழுசாகப் படித்துவிட்டுப் போங்கள்.

வண்டி 1954 மாடல். இங்கிலாந்துச் சரக்கு, 350 சிசி, ஒற்றை சிலிண்டர். கம்பெனி பெயரை எழுதமாட்டேன். எழுதினால் விலை கேட்டு வாசலில் ஆட்கள் நிற்பார்கள், என் பெண்டாட்டி விற்றும் விடுவாள். இதற்குச் சாவி கிடையாது, யார் உதைத்தாலும் ஓடும். ஹேண்டில் பாரில் இடது பக்கம் ஒரு சின்ன லீவர் இருக்கிறது. கிக்கர் அடிப்பதற்கு முன்னால் அதைத் தள்ளி ஸ்பார்க்கைக் கொஞ்சம் தாமதப்படுத்த வேண்டும். மறந்தால் கிக்கர் காலைத் திருப்பி அடிக்கும். அப்புறம், இதில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். இப்போது வருகிற வண்டிகளுக்கு நேர் எதிர். முதல் கியருக்கு மேலே தூக்கணும், மற்ற கியருக்கெல்லாம் கீழே மிதிக்கணும். முன் பிரேக் பேருக்குத்தான், அதைப் பிடித்தால் வண்டி யோசிக்க ஆரம்பிக்கும், நிற்காது.

போன காரணம் என் மச்சான் கல்யாணம். பெண்டாட்டியின் தம்பி, சிப்காட்டில் வேலை. தாய்மாமன் குமராட்சியில் இருக்கிறார், அவருக்கு முதல் பத்திரிகையை மாப்பிள்ளையே தாம்பூலத்தோடு கொண்டுபோய் வைக்க வேண்டும். பஸ்ஸில் போயிருக்கலாம். ஆனால் அப்போதுதான் புதுச்சேரியில் கொடுத்து, ஸ்பார்க் கொடுக்கிற மேக்னெட்டோவுக்குப் புதுசாகக் காயில் சுற்றியிருந்தேன். நீண்ட ரோட்டில் ஓட்டிப் பார்க்கக் கை அரித்தது. பெண்டாட்டி வாசலில் நின்று ஒரே ஒரு பேச்சுத்தான் பேசினாள்.

"எங்க வூட்டுக்கு ஒரே ஆம்பளப் புள்ள. பத்து நாள்ல தாலி கட்டப் போறவன். அவன் ஹேண்டில் பாரத் தொட்டான்னு தெரிஞ்சுது, நீங்களும் ஒங்க வண்டியும் மில்லுலயே படுத்துக்குங்க."

எனக்கு மாவு மில். அங்கே படுத்தால் காலையில் வெள்ளைக்காரனாகத்தான் எழுந்திருக்க முடியும்.

காலை ஆறரைக்குக் கிளம்பினோம். இருநூறு ரூபாய்க்குப் பெட்ரோல். சிப்காட் கெமிக்கல் கம்பெனிகளைத் தாண்டும்போதே எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. டேங்கர் லாரிகள் உரசிக்கொண்டு போகும், மூக்கில் மருந்து நாற்றம் ஏறும், கண் எரியும், அந்த நேரம் பார்த்து இன்ஜின் ஒரு தடவை இருமும். புதுக் காயில் போய்விட்டதோ என்று ஒவ்வொரு இருமலுக்கும் கும்பிடாத சாமியில்லை. பின்னால் மச்சான் பத்திரிகைப் பையை மடியில் வைத்துக்கொண்டு பாட்டுப் பாடிக்கொண்டு வந்தான். பயப்படத் தெரியாதவனோடு போவதைப் போலப் பயம் வேறு இல்லை.

புதுச்சத்திரத்தில் இட்லி. புவனகிரியில் வெள்ளாற்றுப் பாலம் தாண்டினதும் வண்டியை நிறுத்தி பிளக்கைக் கழற்றித் துடைத்தேன். சிதம்பரம் தேரோடும் வீதிகளில் சைக்கிளும் ஆட்டோவும் நெருக்கும், கிளட்ச் சூடாகும், அதனால் ஊருக்குள் போகாமல் பைபாஸில் சுற்றிப் போங்கள். பத்து மணிக்குக் குமராட்சி. தாய்மாமன் வீட்டில் பத்திரிகை வைத்தோம், சாப்பிட்டோம், கிளம்பினோம். இதுவரைக்கும் ஒரு குறையும் இல்லை.

கடைத்தெருவில் டீ குடிக்க நிறுத்தினேன். பத்துப் பேர் வண்டியைச் சுற்றி நின்றார்கள். என்ன வண்டி, எத்தனை வருசம், கொடுப்பியா என்று கேள்வி. பதில் சொல்லிக்கொண்டே உதைத்தேன். லீவரைத் தள்ளவில்லை. கிக்கர் திரும்பி வந்து அடித்த அடியில் வலது கணுக்கால் அஞ்சு நிமிசத்தில் பன் மாதிரி வீங்கிவிட்டது. கியர் லீவருக்கு அடியில் அந்தக் காலை வைத்துத் தூக்கிப் பார்த்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது.

"நான் ஓட்டுறேன் மாமா. தெனம் கம்பெனிக்கு பைக்கு ஓட்டிகினுதான போறேன்" என்றான் மச்சான்.

"அது வேற, இது வேறடா. இதுல காலு மாறி இருக்கும்."

"சிதம்பரம் பதினஞ்சு கிலோமீட்டர். ஆஸ்பத்திரி வரைக்கும். அக்காகிட்ட யாரு சொல்லப் போறா?"

வலி என்னை ஒத்துக்கொள்ள வைத்தது. வலது செருப்பைக் கழற்றச் சொன்னேன். "வெறுங்காலுல படுறது கியரு. செருப்புக் காலுல படுறது பிரேக்கு. மறந்துடாத." அவன் ரெண்டு காலையும் மாற்றி மாற்றி மிதித்து மூன்று தடவை ஒப்பித்தான். நான் பின்னால் ஏறி அவன் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

முதல் ரெண்டு கிலோமீட்டர் நன்றாகவே ஓட்டினான். ஒவ்வொரு வளைவுக்கும் நான் "செருப்பு, செருப்பு" என்று கத்துவேன், அவன் இடது காலை மிதிப்பான். அறுப்பு சமயம் என்பதால் ரோட்டில் பாதிக்கு நெல்லைக் காயப் போட்டுக் கல் வைத்திருந்தார்கள். மிச்சப் பாதியில்தான் போக்குவரத்து. எதிரே ஒரு டிராக்டர் வந்துகொண்டிருந்தது. எங்களுக்கு முன்னால் போன மினி பஸ் ஆளை இறக்கச் சட்டென்று நின்றது. நான் கத்த வாயைத் திறப்பதற்குள் மச்சான் வெறுங்காலை ஓங்கி மிதித்துவிட்டான்.

வண்டி மூணாவது கியரிலிருந்து நாலுக்குப் போனது. அவன் நிறுத்த நினைக்க நினைக்க, அது ஓடிக்கொண்டே இருந்தது. மினி பஸ்ஸின் பின் ஏணி, அதில் கட்டியிருந்த கோழிக்கூடை, கூடைக்குள் ஒரு கோழியின் கண், எல்லாம் எனக்குத் தெரிந்தது. அவன் தோளைப் பிடித்து இடது பக்கம் தள்ளினேன். கல்லைத் தாண்டி நெல்லில் ஏறினோம். சக்கரம் வழுக்கி, ரெண்டு பேரும் வண்டியோடு நெல்லில் படுத்தபடியே பத்தடி போய் நின்றோம். டிராக்டர் எங்களைத் தாண்டிப் போன காற்று முகத்தில் அடித்தது.

மச்சானுக்கு முழங்கை சிராய்ப்பு, வேறொன்றும் இல்லை. அவனை எழுப்பி நிறுத்தித் தலை, கை, கால் என்று தடவிப் பார்த்தேன்.

நெல்லுக்குச் சொந்தக்கார அம்மா துடைப்பத்தோடு வந்தார். "யோவ், ரோடு அங்க இருக்குது, நெல்லு மேல இன்னா வேலை ஒனக்கு?" என்று ஆரம்பித்தவர், பையிலிருந்து சிதறிக் கிடந்த மிச்சப் பத்திரிகைகளைப் பார்த்தார். "யாருக்குக் கல்யாணம்?"

"எனக்குத்தாங்க" என்றான் மச்சான்.

அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். "கல்யாணப் புள்ளய வண்டி ஓட்ட வுட்டுட்டு நீ பின்னால குந்திகினு வந்தியா? ஒனக்கு யாரு பொண்ணு குடுத்தாங்க?"

"இவங்க வூட்டுலதாம்மா" என்றேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கும்தான்.

வண்டியில் ஃபுட்ரெஸ்ட் வளைந்ததைத் தவிரச் சேதமில்லை. "நீங்க பஸ்ஸுல வாங்க மாமா, நான் மெதுவா ஓட்டிகினு வரேன்" என்று மச்சான் மறுபடி பக்கத்தில் போனான். வாங்கினதிலிருந்து ஒரு ராத்திரிகூட நான் அந்த வண்டியை வெளியில் விட்டதில்லை. பிளக்கைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "தள்ளுடா உள்ள" என்றேன். அந்த அம்மாவின் மாட்டுக் கொட்டகையில் வைத்துவிட்டு அடுத்த மினி பஸ்ஸில் ஏறினோம். சிதம்பரத்தில் காலுக்குக் கட்டு. அங்கிருந்து கடலூருக்குப் பெரிய பஸ்.

அந்தப் பஸ்ஸில் மச்சான் பாடவில்லை. டிரைவர் பிரேக் போடும்போதெல்லாம் அவன் வலது கால் தரையை மிதித்தது. அதே நேரம் என் இடது காலும். ரெண்டு பேரும் அதைப் பார்த்தோம்.

வீட்டில் மச்சானே முந்திக்கொண்டு சொல்லிவிட்டான். பெண்டாட்டி அவன் முழங்கையைக் கழுவினாள். எனக்குத் தலையணையை மட்டும் எடுத்துக் கொடுத்தாள். மில் மூட்டை மேல் அஞ்சு ராத்திரி. கல்யாணம் முடிந்த பிறகு மினி லாரி வைத்து வண்டியை எடுத்து வந்தேன்.

போகிறவர்களுக்குச் சொல்வது இதுதான். தை, மாசியில் அந்தப் பக்கம் ரோட்டில் நெல் இருக்கும், முப்பதுக்கு மேல் போகாதீர்கள். ரெண்டு பிளக், ஒரு கிளட்ச் ஒயர், பழைய துணி எடுத்துக்கொள்ளுங்கள். ஆள் சுற்றி நிற்கும்போது உதைக்காதீர்கள், அவர்கள் போகட்டும். கால் மாறின வண்டியை அடுத்தவரிடம் மட்டும் ஓட்டக் கொடுக்காதீர்கள், பத்தடி ஓட்டிப் பார்க்கிறேன் என்று கெஞ்சினாலும். கோபித்துக்கொள்வார்கள். கோபித்துக்கொள்ள ஆள் இருக்கிறதே, அது போதும்.