ஐஸ் பெட்டிக் கொட்டாய்

கோலியனூர் கூட்ரோட்டில் இறங்கி இருதயராஜ் வீடு எது என்று கேட்டால் ஆளாளுக்கு விழிப்பார்கள். ஐஸ் பெட்டிக்காரர் வீடு என்று கேட்டுப் பாருங்கள், டீக்கடைக்காரன் கையில் இருக்கிற கிளாஸை வைத்துவிட்டு வழி சொல்வான். செத்தவர்களை அடக்கம் வரைக்கும் கெடாமல் வைக்கிற கண்ணாடிப் பெட்டி அவரிடம் இரண்டு இருந்தது. கூடவே கொஞ்சம் நாற்காலியும் சாமியானாவும், ஏற்றிக்கொண்டு போக ஒரு பழைய குட்டியானை வண்டியும். எல்லாவற்றுக்கும் இடம் வீட்டுத் தோட்டத்துப் பக்கம் இருந்த கொட்டாய். இரும்புக் குழாய் நட்டு, தகரம் வேய்ந்து, கீழே சிமெண்டுத் தளம் போட்டு அவரே நின்று கட்டியது.

ஆசைப்பட்டு வந்த தொழில் இல்லை இது. அவருடைய அப்பா ஒரு சித்திரை வெயிலில் செத்தார். பம்பாயில் இருந்த அண்ணன் வந்து சேர்கிற வரைக்கும் பிணத்தை வைத்திருக்க வேண்டும். மீன் கடையிலிருந்து ஐஸ் பாரை வாங்கி வந்து உடைத்து, மரத்தூளைக் கொட்டி, அதன்மேல் கிடத்தினார்கள். ஐஸ் உருகி வாசல் வரைக்கும் தண்ணீர் ஓடியது. துக்கத்துக்கு வந்த சனம் மூக்கைப் பொத்திக்கொண்டு தெருவிலேயே நின்றது. பெற்ற தகப்பனை அப்படிப் பார்க்க எந்தப் பிள்ளைக்குத்தான் மனசு வரும்? அப்போது மைக் செட் கட்டிக்கொண்டிருந்த இருதயராஜ், கடனை உடனை வாங்கி முதல் பெட்டியை ஊருக்குள் கொண்டுவந்தார். இல்லாதப்பட்டவர்களிடம் வாடகை கேட்கமாட்டார். பச்சைக்குழந்தை என்றால் காசைத் தொடவே மாட்டார். ஊர் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டது. கும்பிட்டுவிட்டு, கல்யாணத்துக்கு நாற்காலி வேண்டும் என்றால் மட்டும் வேறு கடைக்குப் போனது. ஊர் என்றால் அப்படித்தான்.

அவர் மனைவி செண்பகத்துக்கு அருவருப்பும் கிடையாது, பயமும் கிடையாது. பெட்டி திரும்பி வந்ததும் பினாயில் போட்டுத் துடைப்பது அவள்தான். கண்ணாடியில் ஒட்டிய ரோஜா இதழை நகத்தால் சுரண்டி எடுத்துக்கொண்டே, "யாருய்யா, நம்ம கணக்குப்பிள்ளை சம்சாரமா? மகராசி, நல்லா மல்லாக்கொட்டை வறுத்துக் குடுப்பா" என்று இரண்டு சொட்டுக் கண்ணீரும் விடுவாள். வண்டிச் சத்தம் கேட்டதும் தோட்டத்து அடுப்பில் வெந்நீர் வைத்துவிடுவாள். அவர் அங்கேயே குளித்துவிட்டு, ஈரத் துண்டோடு உள்ளே வந்து தட்டுக்கு முன்னால் உட்காருவார். எத்தனை சாவைப் பார்த்துவிட்டு வந்தாலும் அந்த வெந்நீரும் சோறும் அவரை மறுபடி மனுஷனாக்கிவிடும். அதற்கு மேல் அந்த மனுஷர் எதற்கும் ஆசைப்பட்டதில்லை.

வினை, மகன் கல்யாணத்தில் வந்தது. இனியவன் திண்டிவனத்தில் ஒரு பைக் கம்பெனியில் வேலை பார்க்கிறான். பீடி சிகரெட் கிடையாது, சம்பளத்தை அப்படியே அம்மா கையில் கொடுக்கிற பிள்ளை. ஆனாலும் இரண்டு இடம் தட்டிப்போனது. மூன்றாவதாக குயிலாப்பாளையத்துப் பெண் அன்புச்செல்வி. ஆரோவில்லில் ஒரு விருந்தினர் விடுதியில் வேலை. பெண்ணின் அப்பா ஆனந்தராஜ் நாலு பேரோடு வீடு பார்க்க வந்தார். வீடு பிடித்தது, பையனைப் பிடித்தது, செண்பகம் வைத்த கோழிக் குழம்பு எல்லாவற்றையும்விடப் பிடித்தது. இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். சாப்பிட்ட கையைக் கழுவப் பின்வாசலைத் திறந்தார்.

எதிரே கொட்டாய். அன்றைக்குக் காலையில்தான் ஒரு வீட்டிலிருந்து திரும்பியிருந்த பெட்டி. துடைக்க நேரமில்லை. ஊதுவத்திச் சாம்பலும் மாலை நாரும் அப்படியே கிடந்தன. மனுஷர் கையைக் கழுவாமலே திரும்பி வந்தார். முகம் சுண்டிப்போயிருந்தது. வெற்றிலைகூடப் போடாமல் கிளம்பினார்கள்.

இரண்டு நாள் கழித்துத் தரகர் சுப்பராயலு வந்தார்.

"பையன் தங்கம்னு சொல்றாங்க. எல்லாம் புடிச்சிதான் இருக்குது. அந்தப் பொட்டிதாங்க பேஜாரு. எம்பொண்ணு காலையில எழுந்து கதவத் தொறந்தா அது மூஞ்சியிலயா முழிக்கணும்னு கேக்கறாரு."

"நான் தெனம் அது மூஞ்சியிலதான முழிக்கிறேன்? செத்தா பூட்டேன்?" என்று செண்பகம் பாய்ந்தாள். "நாளைக்கு அந்த ஆளு செத்தா வேணாம்னுவாங்களா பொட்டிய?"

"ஏ, வாய மூடு" என்றார் இருதயராஜ். சுப்பராயலு செருப்பை மாட்டிக்கொண்டு நழுவினார்.

அன்றிலிருந்து இனியவன் இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு எழுந்துவிடுவான். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலுக்குப் போய் வந்ததும், அப்பா முகத்தைப் பார்க்காமல் பேசினான்.

"ப்பா, தொழில உட்ருன்னு நான் சொல்லல. கொட்டாய மட்டும் வேற எடத்துக்கு மாத்திக்கினா போதும். எனக்கு முப்பது ஆவப்போவுதுப்பா."

அவ்வளவுதான். மறுநாளே அப்பாதுரையைக் கூப்பிட்டார். அப்பாதுரை வெல்டிங் பட்டறைக்காரன். ஏரிக்கரையைத் தாண்டி, விழுப்புரம் ரோட்டோரம், எப்போதோ வாங்கிப் போட்ட ஒரு துண்டு மனை இருந்தது. பக்கத்தில் வீடு வாசல் கிடையாது, கருவேலமுள்தான். குழாய்களை அடியோடு அறுத்து டிராக்டரில் ஏற்றி அங்கே கொண்டுபோய் நட்டுவிட்டால் ஆயிற்று என்று நினைத்தார். நினைத்தபடி எது நடக்கிறது? குழாய்களின் அடிப்பக்கம் துருப்பிடித்துப் பொடியாகக் கொட்டியது. ஆணி பிடுங்கின தகரமெல்லாம் சல்லடைக்கண். கரண்ட் இழுக்கக் கம்பம் நட வேண்டியிருந்தது.

"புச்சாவே போட்டிருக்கலாம்ண்ணே" என்றான் அப்பாதுரை, தகரத்தைத் தூக்கி வெயிலில் பார்த்தபடி.

கொட்டாயை இடம் மாற்ற என்ன செலவாகும் என்று இருதயராஜ் போட்ட கணக்கில் வெல்டிங் கூலி இருந்தது, டிராக்டர் வாடகை இருந்தது, கம்பம் இருந்தது. கல்யாணக் கடனோடு அதையும் சேர்த்து எழுதிக்கொண்டார். அதோடு செலவு முடிந்தது என்றுதான் அந்த அப்பாவி மனுஷர் நம்பினார்.

டிராக்டர் போன பிறகு செண்பகம் பின்வாசலில் நின்று பார்த்தாள். வெறும் சிமெண்டுத் தளம் மட்டும் கிடந்தது. "மூளியா இருக்குதுய்யா" என்றாள். அந்த ஐப்பசியில் கல்யாணம் நடந்தது. ஆனந்தராஜ் சம்பந்தியின் கையைப் பிடித்துக் குலுக்கோ குலுக்கென்று குலுக்கினார்.

கல்யாணம் முடிந்து பத்து நாள் ஆகவில்லை, கொட்டாயின் பூட்டை உடைத்து, ஒரு பெட்டியின் அடியில் இருந்த செம்புக் குழாயை எவனோ அறுத்துக்கொண்டு போய்விட்டான். பிணம் வைக்கிற பெட்டியிலுமா கை வைப்பான்? வைத்தான். பழுது பார்க்க இன்னொரு கடன். அன்றைக்கு இருதயராஜ் ஒரு கயிற்றுக்கட்டிலைத் தூக்கிக்கொண்டு கொட்டாய்க்குப் போனார்.

"ஒரு வாரம் அங்க படுத்துக்கறேன். நல்ல பூட்டா வாங்கிப் போட்டுட்டு வந்துர்றேன்" என்றார். பூட்டு வாங்கினார். ஆனால் ராத்திரியில் ஒரு சாவு என்றால் இப்போது சனம் நேராகக் கொட்டாய்க்கு வந்துதான் தட்டியது. ஆள் இல்லையென்றால் விழுப்புரத்திலிருந்து வேறு பெட்டி வந்துவிடும். கடன்காரன் சும்மா இருப்பானா? ஒரு வாரம் ஒரு மாதம் ஆனது, மாதம் வருஷமானது.

முதலில் செண்பகம்தான் சாயங்காலம் சோற்றைத் தூக்கில் போட்டுக்கொண்டு ஏரிக்கரைமேல் நடந்து வருவாள். அவர் சாப்பிடுகிறவரைக்கும் பக்கத்தில் உட்கார்ந்து மருமகள் கதை, பக்கத்து வீட்டுக் கதை எல்லாம் சொல்வாள். இருட்டுகிறதுக்கு முன்னால் கிளம்பிவிடுவாள். அப்புறம் சர்க்கரை வியாதியில் காலில் ஒரு புண் வந்தது. முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் இரண்டு விரலை எடுத்தார்கள். அதோடு அவளுடைய நடை நின்றது. மகன் வேலைக்குப் போகிற வழியில் தூக்கைக் கொடுத்துவிட்டு, இஞ்சினை அணைக்காமலே போய்விடுவான்.

அன்புச்செல்வியைக் குறை சொன்னால் நாக்கு அழுகிப்போகும். மாமியாருக்கு மருந்து கட்டுவது, கழிப்பறைக்குத் தாங்கிக்கொண்டு போவது, எல்லாம் முகம் சுளிக்காமல் செய்கிற பெண். முழுகாமல் இருந்தபோது மட்டும், "மாமா, எங்கம்மாதான் பயப்படறாங்க. சாவு வூட்டுக்குப் போய்ட்டு நேரா வராம, குளிச்சிட்டு வர்றீங்களா?" என்று கேட்டாள். அவள் கேட்டது அவ்வளவுதான். அவரோ அதற்கும் மேலே போனார். குளித்தாலும் போகவில்லை. வயிற்றுப்பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் தன் தலையில்தானே விடியும் என்று ஒதுங்கிக்கொண்டார். பேத்தி பிறந்த பிறகும் அந்த ஒதுக்கம் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை வாசலில் நின்றபடியே குழந்தையைப் பார்ப்பார், செண்பகத்தோடு நாலு வார்த்தை பேசுவார், அதற்குள் போன் அடிக்கும்.

இதில் இன்னொரு கொடுமையும் சேர்ந்துகொண்டது. முன்பெல்லாம் காய்கறிப் பையோடும் ரேஷன் அரிசியோடும் தெருவில் போய் வந்துகொண்டிருந்த ஆள், இப்போது பெட்டியோடு மட்டும்தான் ஊருக்குள் வந்தார். அவர் வண்டி தெருவில் திரும்பினாலே, "எந்த வூடு?" என்று கேட்டுக்கொண்டு எழுந்துவிடுவார்கள். வண்டி நிற்காமல் தாண்டிப் போனால் அப்பாடா என்று மூச்சு விடுவார்கள்.

போன கார்த்திகையில் அடைமழை பிடித்துக்கொண்டது. தகரத்தின் ஓட்டை வழியாகக் கட்டில்மேல் ஒழுகி, இருதயராஜுக்குக் காய்ச்சல் கண்டது. இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. அப்போது அவருக்கு வெந்நீர் ஞாபகம்தான் வந்தது. 'இன்னைக்கு வீட்டுக்குப் போயிடலாம். பெட்டி இருந்தா இருக்கட்டும், போனா போகட்டும். செண்பகம் பக்கத்துல படுத்துக்கலாம்' என்று நினைத்தார். நினைத்ததுமே பாதி காய்ச்சல் விட்டதுபோல இருந்தது. நடக்கத் தெம்பில்லை. பெட்டி இரண்டையும் கொட்டாயிலேயே விட்டுப் பூட்டிவிட்டு, சாவு வீடுகளுக்குப் போட்டுப் போகிற வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு, வெறும் வண்டியை ஓட்டிக்கொண்டு கிளம்பினார்.

டீக்கடையில் ஒதுங்கியிருந்த பச்சைமுத்து, "எந்த வூடு மாமா?" என்று கத்தினான். மழைச் சத்தத்தில் பதில் சொல்லக் குரல் எழும்பவில்லை. தன் தெருவைக் கையால் காட்டிவிட்டுப் போனார். அந்தத் தெருவில் படுத்த படுக்கையாக இருப்பது யார் என்று பச்சைமுத்துவுக்குத் தெரியாதா? போனை எடுத்தான்.

இருதயராஜ் மழையில் ஊர்ந்து ஊர்ந்து வந்து வண்டியை வீட்டு வாசலில் நிறுத்தி இறங்குவதற்குள் எதிர்வீட்டு டிவி அணைந்தது. அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்தார். அன்புச்செல்வி சமையலறையில் இருந்தாள். செண்பகம் கட்டிலில் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாள். எழுப்ப மனம் வராமல், கட்டிலின் கால்மாட்டில் நின்று அவளையே பார்த்தார். பாதியாக இளைத்திருந்தாள். அந்த நேரத்தில்தான் வாசலில் எதிர்வீட்டு வெள்ளையம்மாளின் குரல் பிளந்துகொண்டு வந்தது.

"அடி செண்பகம்! சொல்லாம கொள்ளாம பூட்டியேடீ! நேத்துகூட பேசினியேடீ எங்கம்மா!"

பின்னாலேயே இன்னும் நாலைந்து பெண்கள், மாரில் அடித்துக்கொண்டு. ஒருத்தன் குடைக்குள் மாலைகூடக் கொண்டுவந்திருந்தான். தெருவுக்கு இருந்த அவசரத்தைப் பாருங்கள்.

செண்பகம் விழித்தாள். முதலில் தன் பேரைச் சொல்லி அழுகிற சத்தத்தைக் கேட்டாள். அப்புறம் கால்மாட்டில் வெள்ளைச் சட்டையோடு நிற்கிற புருஷனைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இன்னாய்யா," என்றாள் மெதுவாக. "அதுக்குள்ளயா?"

இருதயராஜுக்கு முதலில் புரியவில்லை. அப்புறம்தான் புரிந்தது, தனக்குப் பெட்டி வந்துவிட்டதாக அவள் நினைத்துவிட்டாள். நெருங்கிப் போய் அவள் கையைத் தொட வேண்டும், அட பைத்தியமே, காய்ச்சல்டி எனக்கு, வெந்நீர் குடுக்க ஆள் இல்லாமதான் வந்தேன் என்று சொல்ல வேண்டும். அதற்குள் அன்புச்செல்வி குழந்தையை அணைத்துக்கொண்டு ஓடிவந்து, "யாருக்கு இன்னா ஆச்சி? மாமா, இன்னா ஆச்சி?" என்று நடுங்கினாள். குழந்தை அவரைப் பார்த்து வீறிட்டது. வாசலில் ஒப்பாரி பாதியில் அறுந்தது. "ஐய, உசுரோடதான கீது" என்று யாரோ சொன்னார்கள். மாலைக்காரன் மாலையை முதுகுக்குப் பின்னால் மறைத்தான்.

"ஒண்ணும் இல்ல. சும்மாதான் வந்தேன்" என்றார்.

செண்பகத்துக்கு இப்போது தெளிந்துவிட்டது. எழுந்து உட்காரப் பார்த்தாள். "ஐயோ, தூக்கக் கலக்கத்துல கேட்டுட்டேன்யா. ஒக்காருய்யா. உன் மூஞ்சி இன்னாத்துக்கு இப்படி செவந்து கெடக்குது? பக்கத்துல வாயேன்."

அவர் கூடத்தைப் பார்த்தார், அழுகிற குழந்தையைப் பார்த்தார், வாசலில் நனைந்தபடி நிற்கிற அத்தனை முகங்களையும் பார்த்தார். அப்புறம் திரும்பி நடந்தார். சாவு வீட்டிலிருந்து யாரும் சொல்லிக்கொண்டு கிளம்புவதில்லை. இத்தனை வருஷமாக எத்தனையோ வீட்டுப்படி இறங்கின கால், தன் வீட்டுப்படியையும் அப்படியே இறங்கியது.

"யோவ், வர்றேன்னு சொல்லிட்டுப் போய்யா!" உள்ளேயிருந்து செண்பகம் கத்தினாள். "எங்கிட்டயாவது சொல்லிட்டுப் போய்யா!"

இருதயராஜ் நின்றார். திரும்பினார். சொல்லத்தான் வாயைத் திறந்தார். பெட்டியை இறக்கி வைத்து, கரண்ட் கொடுத்து, கிளம்புகிற வீடுகளில் எல்லாம் சொல்லிச் சொல்லிப் பழகின வார்த்தைதான் வந்தது.

"ஏதாவதுன்னா போன் போடுங்க."

செண்பகம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.