கிளமென்டின் சோடா கம்பெனி

கிளமென்டுக்கு வாயைவிடக் கை முந்தும். மேஸ்திரியை அடித்துத்தான் பொன்மலை ரயில்வே வேலையையும் தொலைத்தான். அதன்பிறகு, சிநேகிதன் ஸ்தனிஸ்லாஸோடு சேர்ந்து பாலக்கரையில் சோடா கம்பெனி போட்டான். கட்டடம் ஸ்தனிஸ்லாஸுடையது; மெஷினும் பாட்டில்களும் கிளமென்ட் வாங்கியவை.

"ஒரு பத்திரம் எழுதிக்குவமா மச்சான்?" என்று ஸ்தனிஸ்லாஸ் ஒருநாள் கேட்டான்.

"ஏன்டா, என்மேல நம்பிக்கை இல்லியா?"

பேச்சு அதோடு நின்றது. பிறகு வந்த லாபத்தில் பெரிய மெஷின் ஒன்று வாங்கினார்கள். அது யாருடையது என்று இருவரும் யோசிக்கவே இல்லை.

எண்பத்திரண்டாம் வருஷம் மஞ்சள்காமாலையில் ஸ்தனிஸ்லாஸ் செத்துப்போனான். கம்பெனியில் பாதி தனக்கு என்று அவன் மனைவி வியாகுலம்மாள் நம்பினாள். கட்டடத்துக்கு வாடகை கொடுத்தால் போதும் என்று கிளமென்ட் நம்பினான். இருவருமே பொய் சொல்லவில்லை.

ஒரு காலையில் வியாகுலம்மாளின் தம்பி லூர்து, நான்கு ஆட்களோடு லாரியில் வந்து இறங்கினான். கடப்பாரையால் பெரிய மெஷினைப் பெயர்க்கத் தொடங்கினார்கள்.

"கை வெச்சே, வெட்டிருவேன்!" என்று கிளமென்ட் பாய்ந்தான்.

லூர்து கடப்பாரையை வீசினான். கிளமென்டின் தோள்பட்டை எலும்பு முறிந்தது. கீழே விழுந்தவனை நெஞ்சிலும் வயிற்றிலும் மிதித்தார்கள். ரத்தத்தைத் துப்பிக்கொண்டே அவன் பெட்டியிலிருந்து பாட்டிலை உருவி எறிந்தான். ஒருவன் மண்டை பிளந்தது. அடுத்தது சுவரில் வெடித்தது. தெருவில் கடைகள் படபடவென்று சாத்தப்பட்டன.

"நிறுத்துங்க அண்ணே!" என்று கிளமென்டைப் பார்த்துக் கத்திக்கொண்டே வியாகுலம்மாள் உள்ளே ஓடிவந்தாள். அதற்குள் கிளமென்டின் கையிலிருந்த பாட்டில் பறந்துவிட்டது. லூர்து தலையைக் குனிந்துகொண்டான். அது அவள் முகத்தில் வெடித்தது.

இடது கண் போய்விட்டது.

கோர்ட்டில் கிளமென்ட் எதையும் மறுக்கவில்லை. ஜெயிலில் இருந்த காலமெல்லாம் கண்ணாடி உடையும் சத்தம் கேட்டாலே அவனுக்கு வாந்தி வந்தது. மெஷின் யாருக்கு என்ற சிவில் கேஸோ நகரவே இல்லை. இருதரப்பிலும் காட்ட ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. பூட்டிய கட்டடத்துக்குள் மெஷின் துருவேறியது.

விடுதலையானவனைத் தேடி வியாகுலம்மாளே வந்தாள். அவன் தலையைத் தூக்கவில்லை.

"உங்களை மன்னிச்சுட்டேன்னு நினைக்காதீங்க. எனக்குப் பிள்ளைங்க இருக்கு. உங்களுக்குத் தொழில் தெரியும்" என்று சொல்லி முத்திரைத்தாளை நீட்டினாள். "யாருக்கு எவ்வளவு பங்கு, ஒருத்தர் செத்தா என்ன, சண்டை வந்து பிரிஞ்சா மெஷின் யாருக்கு, எல்லாம் வக்கீல் எழுதியிருக்காரு. படிச்சுப் பாத்துட்டுப் போடுங்க."

கிளமென்ட் ஒவ்வொரு வரியாகப் படித்தான். முறிந்து கோணலாகக் கூடிய தோளைச் சாய்த்துக் கையெழுத்துப் போட்டான்.

கம்பெனி மறுபடி ஓடியது. இருவரும் வேலையைத் தவிர வேறு பேச்சுப் பேசியதில்லை. லூர்து ஒருமுறை குடித்துவிட்டு வந்து கதவை உதைத்தபோது, கிளமென்ட் கையை ஓங்கவில்லை. "பத்திரத்துல உன் பேரு இல்ல, போடா" என்று வியாகுலம்மாள்தான் அவனை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள்.