மெத்தைக்குள் போன முயல் தீனி

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இரண்டு முயல்களின் மூன்று மாதச் சாப்பாட்டை மெத்தை உறைக்குள் திணித்து, அதன்மேல் பதினோரு நாள் சுகமாகப் படுத்துத் தூங்கியவன் நான். தூங்கியதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. மூட்டைப்பூச்சி வந்துவிடக் கூடாதே என்ற முன்யோசனையில் டி.டி.டி. பவுடரை வேறு உள்ளே தாராளமாகத் தூவியிருந்தேன். நான் முன்யோசனையோடு செய்த காரியங்களை மட்டும் வரிசையாக எழுதினாலே ஒரு முட்டாளின் முழுச் சரித்திரமும் கிடைத்துவிடும்.

ஐம்பதுகளின் கடைசி. கொடைக்கானலில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் நான் கிளார்க். கலியாணமாகி ஒரு வருஷம். மனைவி ஒட்டன்சத்திரத்துப் பக்கம். வெயிலிலேயே பிறந்து வளர்ந்தவள். பள்ளிக்கூடத்தார் எங்களுக்குக் கொடுத்திருந்த அறைக்குத் தகரக் கூரை. வெளியே மழை பெய்தால் உள்ளேயும் பெய்யும். வெளியே பெய்யாவிட்டால், தகரத்தில் கோத்த ஈரம் சொட்டி, உள்ளே மட்டும் பெய்யும். முதல் குளிரிலேயே அவளுக்கு இருமல் பிடித்து நெஞ்சில் இறங்கியது. அடுத்த குளிர் நெருங்கியபோது, "இன்னொரு தடவ இந்த ரூம்புல கெடந்து இரும முடியாதுங்க, நான் ஊருக்குப் போயிருறேன்" என்றாள். அழவில்லை, கோபிக்கவில்லை. கீழே போகிற பஸ் எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டாள். அழுதிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பேன். பஸ் நேரம் கேட்கிற பெண்ணுக்கு என்ன சமாதானம் சொல்வது?

அந்தச் சமயத்தில்தான் பள்ளிக்கூடத்தில் பாட்டுச் சொல்லிக்கொடுத்த வெள்ளைக்காரத் துரைசானியம்மா குளிர்கால விடுமுறைக்குச் சமவெளிக்கு இறங்கத் தயாரானார். தனி ஆள். அவருடைய பங்களாவின் பின்பக்கத்தில் விறகு எரித்துக் குளிர்காயக் கணப்பு வைத்த அறை ஒன்று காலியாகக் கிடந்தது. வெள்ளை ஒன்று, சாம்பல் ஒன்று என்று இரண்டு முயல்கள் வளர்த்தார். ஆபீசுக்கு வந்து, "முயல்களைப் பராமரிக்க இங்கே யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டார். வேதாகமம் படித்துத் தமிழ் கற்றவர். சாதாரணமாகத் தண்ணீர் கேட்டால்கூட ஏதோ வசனம் சொல்வதுபோல் இருக்கும்.

என் கை தானாக உயர்ந்தது. "எங்க வீட்டுல பரம்பரையா முயல் வளர்க்கிறோம்மா" என்றேன். எங்கள் பரம்பரை பழனியில் பாத்திரக்கடை வைத்திருந்தது. முயலை நான் படத்தில் பார்த்திருந்தேன்.

"நல்லது. பின் அறையில் குடியிருங்கள். நான் திரும்பி வரும்போது இவை சுகமாயிருந்தால், தொடர்ந்து அங்கேயே இருக்கலாம்" என்றார் அவர்.

போவதற்கு முன் முயல் கூண்டு, தண்ணீர்க் கிண்ணம், ஒரு பெரிய தேயிலைப் பெட்டி எல்லாவற்றையும் காட்டி ஏதேதோ விளக்கினார். நான் கணப்பையே பார்த்துக்கொண்டு தலையை ஆட்டினேன். தலையாட்டுவதில் எனக்கு இருந்த திறமை காது கொடுப்பதில் இருந்ததில்லை.

அவர் பஸ் ஏறியதும் தேயிலைப் பெட்டியைத் திறந்தேன். உள்ளே அடைத்து அடைத்துக் காய்ந்த புல். இங்கேதான் பாத்திரக்கடைக்காரன் புத்தி வேலை செய்தது. எங்கள் கடைக்குக் கண்ணாடிச் சாமானும் பீங்கானும் வைக்கோல் திணித்த பெட்டியில்தான் வரும். சாமானை எடுத்துக்கொண்டு வைக்கோலைத் தலையணைக்குத் திணிப்பது எங்கள் வீட்டு வழக்கம். ஆகவே துரைசானியம்மாவின் பீங்கான் கோப்பைகள் அடியில் இருக்க வேண்டும் என்று புல்லை முழுக்க வெளியே எடுத்தேன். கோப்பை எதுவும் இல்லை. பரவாயில்லை, புல்லாவது கிடைத்ததே என்று மெத்தை தைத்தேன். "நல்லாத்தாங்க இருக்கு, கதகதன்னு" என்று மனைவியும் பாராட்டினாள். அந்த வருஷத்தில் எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அது.

முயல்களுக்கு முட்டைக்கோஸ் இலையும், வேலியோரத்துப் பச்சைப் புல்லும் போட்டோம். வயிறு இளகியது. குளிரினால் என்றேன். பன்னிரண்டாம் நாள் துரைசானியம்மாவின் கடிதம் வந்தது. தேயிலைப் பெட்டியிலுள்ள உலர்ந்த புல்லைத் தினமும் கொடுக்கிறீர்களா, அதுதான் பிரதான ஆகாரம், ஈரப் புல்லை மட்டும் தின்றால் வயிறு கெட்டு இறந்துவிடும் என்று எழுதியிருந்தார்.

படித்துக் காட்டினேன். மனைவி மெத்தையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"மறுபடி பெட்டிக்குள்ள அள்ளிப் போட்டிருவமா?"

"பவுடர் போட்டிருக்கேனே."

"மொயலு செத்துப்போனா நம்ம பழைய ரூம்புக்குத்தான போகணும்?"

"அப்படித்தான் பேச்சு."

"நீங்க போங்க. நான் பஸ்ஸுக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டு முயல்களுக்குத் தண்ணீர் மாற்றப் போய்விட்டாள்.

ஆக, காய்ந்த புல் வேண்டும். ஏரிக்கரையில் மட்டக்குதிரை வைத்துச் சவாரி விடுகிறவர்களிடம் போனேன். சீசன் முடிந்து குதிரைகளும் ஆட்களும் ஒரே மாதிரி தலை தொங்கி நின்றுகொண்டிருந்தார்கள். கம்பளி போர்த்திய ஒருவரிடம் காய்ந்த புல் எங்கே கிடைக்கும் என்று கேட்டேன்.

"காஞ்ச புல்லா? கொடைக்கானல்ல மனுசன் கட்டுற வேட்டியே காய மாட்டேங்குது சார்" என்றார். "எதுக்கு? குதிர வாங்கிருக்கீங்களா?"

"முயல்."

அவர் பக்கத்திலிருந்தவரிடம் திரும்பி, "ஏலே, சாரு மொயலு வாங்கிருக்காராம்ல. ரவுண்டு விடப் போறாராம்" என்றார். அதற்குப் பிறகு ஏரிப் பக்கம் போனாலே, "சார், மொயலு சவாரிக்கு வருமா?" என்று குரல் வரும். அந்த வழியையே விட்டு, மலையேறிச் சுற்றி ஆபீசுக்குப் போக ஆரம்பித்தேன்.

சரி, நாமே காயவைக்கலாம் என்று பச்சைப் புல்லை வாங்கிக் கணப்புக்கு மேலே கொடி கட்டித் தொங்கவிட்டேன். அறைக்குள் தலை குனிந்து நடக்க வேண்டியதாயிற்று. நாலாம் நாள் புல்லின்மேல் வெள்ளையாகப் பூஞ்சணம் பூத்தது. முயலுக்குப் போட முடியாது. ரசிக்கலாம்.

பழனிக்கு அக்கா புருஷனுக்கு எழுதினேன். மச்சான் நல்ல மனிதர். ஒரு கட்டு வைக்கோலை உடனே பஸ் மேலே ஏற்றிவிட்டார். வத்தலக்குண்டில் அதே பஸ் மேலே யாரோ கருவாட்டுக் கூடை ஏற்றினார்கள். மலை ஏறும்போது மழை. கூடையிலிருந்து வழிந்ததையெல்லாம் வைக்கோல் மிச்சமில்லாமல் வாங்கிக்கொண்டது. வெள்ளை முயல் ஒரு தடவை மோந்து பார்த்துவிட்டு, திரும்பி உட்கார்ந்து முதுகைக் காட்டியது. ஆபீசில் மேலதிகாரிகள் காட்டும் முதுகுகளையெல்லாம் பார்த்தவன்தான். இருந்தாலும் இந்த முதுகு உறைத்தது. பின்னாலேயே மச்சானின் கடுதாசி வந்தது: "மொயலுக்கு வைக்கோல் கேட்ட மொத மனுசன் நீதான் மாப்ளே. கடைக்கு வர்றவங்ககிட்டயெல்லாம் சொல்லிக்கிட்டிருக்கேன்."

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில்தான் என் அறிவு உச்சிக்குப் போனது. மேல்மலைக் கிராமமான கவுஞ்சியிலிருந்து உருளைக்கிழங்கு கொண்டுவந்த ஒருவர், மூட்டைகளுக்கு அடியில் பரப்பியிருந்த புல்லை உதறிக் கட்டிக்கொண்டிருந்தார். முக்கால்வாசி காய்ந்த புல். விலை கேட்டேன், எடுத்துக்கிட்டுப் போங்க என்று சும்மாவே கொடுத்துவிட்டார். எதற்கு என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அதனால் பின்னால் நடந்ததில் அவருக்கு ஒரு பங்கும் கிடையாது.

புல்லில் அங்கங்கே நீலம் படிந்திருந்தது. "என்னங்க இது, நீலமா இருக்கு?" என்றாள் மனைவி.

"மேல்மலைப் புல்லு. அவ்வளவு உசரத்துல விளையுறது நீலம் பாஞ்சுதான் இருக்கும்" என்றேன். எங்கே படித்தேன் என்று கேட்காதீர்கள்.

"கழுவிப் போடலாமா?"

"காஞ்ச புல்லைக் கழுவுனா அப்புறம் அது காஞ்ச புல்லா?"

வாதத்தில் நான் ஜெயித்தேன். சாம்பல் முயல் தொடவில்லை. அதற்கு என்மேல் முதலிலிருந்தே நம்பிக்கை கிடையாது. வெள்ளை முயல் நாலு வாய் தின்றது. சாயங்காலம் மூலையில் பந்தாகச் சுருண்டு, காதைப் படியவைத்து, பல்லை நறநறவென்று அரைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கூப்பிட்டாலும் அசையவில்லை.

மறுநாள் காலையில் குதிரைகளுக்குப் புல் கொண்டுபோகிற அம்மாள் ஒருத்தி வாசலோடு போனாள். மனைவி ஓடிப்போய் அவளைக் கூட்டிவந்தாள். அவள் தலைச்சுமையை இறக்கிவைத்து, நீலப் புல்லை எடுத்து விரலால் தேய்த்து மோந்து பார்த்தாள்.

"துருசு தாயி. உருளக்கெழங்குச் செடிக்குக் கருகல் நோவு வந்தா அடிப்பாங்க. வரப்புப் புல்லுல தெறிச்சிருக்கு. வாயில்லாச் சீவனுக்கு இதப் போயி குடுத்தது யாரு?"

மனைவி நான் இருந்த திசையில் பார்த்தாள், அவ்வளவுதான்.

"அய்யா என்ன சோலி பாக்குறாங்க?"

"ஆபீசுல கடுதாசி எழுதுறாங்க."

"அதான" என்றாள் அவள். நான் படித்த படிப்பு முழுவதையும் அந்த ஒரு சொல்லில் கட்டி ஓரமாக வைத்துவிட்டு, மனைவியிடமே பேச்சைத் தொடர்ந்தாள். "காஞ்ச புல்லுக்கா இம்புட்டு அலைச்சல்? அந்தா கெடக்கு பாரு மல முழுக்க."

ஜன்னலுக்கு வெளியே பார்த்தோம். எதிர்ச் சரிவு பூராவும் பொன்னிறமாகக் கிடந்தது. மார்கழி உறைபனி விழுந்து, நின்ற நிலையிலேயே புல் கருகிக் காய்ந்திருந்தது. ஒரு மாதமாகத் தினமும் காலையில் கையில் காப்பியோடு அந்த ஜன்னலில் நின்று, "என்ன அழகு" என்று சொல்லிக்கொண்டிருந்தவன் நான்.

"மருந்தில்ல, மாயமில்ல, பனி காய வச்ச புல்லு" என்றாள் அவள். "தை பொறந்தா மாடு மேய்க்கிறவங்க தீய வச்சிருவாங்க. அதுக்குள்ள வெரசா அறுத்து வச்சுக்க. வெள்ளனே போகாத, பனி கோத்திருக்கும். வெயிலு உச்சிக்கு ஏறுனப்பெறகு போ."

அன்றிலிருந்து மனைவி தினமும் உச்சிவெயிலில் அரிவாளோடு சரிவில் ஏறினாள். அந்த அம்மாளும் சில நாள் துணைக்கு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை நானும் உதவினேன். சுறுசுறுப்பானவன் என்று காட்டுவதற்காகச் சொல்லாமல் கொள்ளாமல் விடியற்காலையிலேயே போய், பனி சொட்டும் ஒரு கட்டுப் புல்லும் வெட்டுப்பட்ட ஒரு விரலுமாகத் திரும்பினேன். புல்லை அவள் வெளியே கொட்டினாள். விரலைக் கட்டிவிட்டாள். அடுத்த ஞாயிறு என்னை எழுப்பவில்லை.

முதல் நாளிலிருந்தே வெள்ளை முயலை மனைவி மடியில் போட்டுக்கொண்டு கணப்புக்கு முன்னால் உட்கார்ந்து, வெந்நீரைக் கரண்டியால் சொட்டுச் சொட்டாக வாயோரத்தில் விட்டாள். மூன்று நாள். அவளுடைய தகரப் பெட்டி கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வந்து, துடைக்கப்பட்டு, கதவோரத்தில் நின்றது. நான் அதைச் சுற்றி நடந்துபோனேன். நாலாம் நாள் நான் ஆபீசிலிருந்து வந்தபோது முயல் ஒரு புல் தாளை வாயில் வைத்து, கறுக் கறுக் என்று கடித்துக்கொண்டிருந்தது. "தின்னுதுங்க" என்றாள் மெதுவாக. பெட்டி அப்படியே கதவோரத்தில்தான் இருந்தது.

தை பிறந்து சரிவுகளில் தீ ஏறியபோது தேயிலைப் பெட்டி நிறைந்து, மேற்கொண்டு நாலு சாக்கும் நிறைந்திருந்தது. இதற்கிடையில் நான் சும்மா இருக்கவில்லை. வாரம் தவறாமல் துரைசானியம்மாவுக்கு, முயல்கள் என் நேரடி மேற்பார்வையில் நலம் என்று நல்ல கையெழுத்தில் எழுதிக்கொண்டிருந்தேன்.

அவர் வந்த அன்று கோட்டெல்லாம் போட்டுக்கொண்டு கூண்டுக்குப் பக்கத்தில் நின்றேன். என்னைக் கண்டதும் இரண்டு முயல்களும் கடைசி மூலைக்குப் போய் ஒடுங்கின. மனைவி கதவைத் திறந்ததும் இரண்டும் வந்து அவள் கையை மோந்தன. துரைசானியம்மா பெட்டியிலிருந்து ஒரு பிடி புல்லை எடுத்து மோந்து பார்த்தார். சாக்குகளைப் பார்த்தார்.

"இது நான் வைத்த புல் அல்லவே?"

பரம்பரை முயல் வளர்ப்பைப் பற்றி நான் ஆரம்பிப்பதற்குள், "அது மெத்தைக்குள்ள போயிருச்சும்மா" என்றாள் மனைவி. அங்கிருந்து ஆரம்பித்து, பவுடர், கொடி, கருவாடு, துருசு, விரல் என்று ஒன்றையும் விடாமல் சொல்லி முடித்தாள். என் பக்கம் திரும்பக்கூட இல்லை. துரைசானியம்மா வெள்ளை முயலின் காதைத் தடவிக்கொண்டே முழுவதையும் கேட்டார்.

எனக்கு இருந்த கவலை ஒன்றே ஒன்றுதான். தொண்டையைச் செருமிக்கொண்டு, "அப்போ, முயல்தான் சுகமா இருக்கேம்மா, சொன்னபடி நாங்க ரெண்டு பேரும் இங்கேயே இருக்கலாமில்லையா?" என்று கேட்டேன்.

"உம்முடைய மனைவி இருக்கலாம்."