பாட்டு ஆயா வீட்டுக்கு மறுபடியும் போலீஸ்

பாட்டு ஆயாவுக்கு லேசில் கோபம் வராது. குழந்தைகள் காப்பகத்தில் இத்தனை வருஷம் குப்பை கொட்டியவளுக்கு அதெல்லாம் வந்தால் கட்டுப்படியாகுமா? பிள்ளைகளைப் பாடியே தூங்க வைப்பாள், அதனால் அந்தப் பெயர். ஆனால் மேலே குற்றம் எதுவும் இல்லை என்று போலீஸ் தரும் சான்றிதழைப் பற்றிப் பேச்செடுத்தால் மட்டும் பற்றிக்கொண்டு வரும்.

காப்பகம் மாறவில்லை, பிள்ளைகளும் மாறவில்லை. ஆயாக்களை அனுப்பும் கம்பெனிதான் சட்டை மாற்றுவதுபோல மாறிக்கொண்டே இருந்தது. வருகிற ஒவ்வொரு கம்பெனிக்கும் புதுச் சான்றிதழ் வேண்டும்.

"போன வருஷம் வாங்கினது இருக்கே சார்?"

"அது அவங்களுக்கு வாங்கினதும்மா. எங்களுக்குச் செல்லாது" என்றார் புது மேனேஜர்.

நேற்றுவரை மூக்கைத் துடைத்துவிட்ட பிள்ளைகளை இன்றைக்குத் தொடக் கூடாதாம்! சான்றிதழ் வரும்வரை வீட்டில் உட்கார வேண்டும், சம்பளமும் கிடையாது. இழுத்துக்கொண்டே போனால் வேறு ஆளைப் போட்டுவிடுவோம் என்றும் சொல்லிவிட்டார்கள். புருஷன் போனபிறகு அந்த வேலையை நம்பித்தான் அவள் வீட்டில் அடுப்பெரிந்தது.

விசாரிக்க வழக்கமாக வரும் போலீஸ்காரர்தான் வந்தார். எதற்காக விசாரிக்கிறோம் என்று அக்கம்பக்கத்தில் வாய் திறக்கக் கூடாது, அது அவர்கள் முறை. எதிர்வீட்டுத் தையல்காரரிடம் போய், "அந்தம்மா எப்படி?" என்றார்.

தையல்காரர் மிஷினை நிறுத்தினார். "பார்த்தா நல்லவங்க மாதிரிதான் இருக்காங்க சார். ஆனா ஒண்ணுமில்லாமலா வருஷா வருஷம் வீட்டுக்குப் போலீஸ் வருது? நமக்கெதுக்கு வம்புன்னு நாங்க யாரும் பேச்சு வச்சுக்கறதில்ல."

போலீஸ்காரர் அதை அப்படியே எழுத ஆரம்பித்தார். வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த ஆயாவுக்குத் தெருவில் யாரும் ஏன் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று இப்போதுதான் விளங்கியது. விடுவிடுவென்று எதிர்ப்பக்கம் போனாள்.

"ஐயா, வருஷா வருஷம் வந்த போலீஸ் யாரு? நீங்கதானே! நீங்க வந்ததையே என் மேல குத்தமா எழுதினா நான் எங்கய்யா போவேன்?" சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

போலீஸ்காரர் எழுதியதை அடித்தார். "அழாதம்மா. நாளைக்கே சான்றிதழ் அனுப்பறேன்" என்றார். காரணத்தைச் சொல்லத்தான் முறை இடம் கொடுக்கவில்லை, இதையாவது சொல்வோம் என்று நினைத்தாரோ என்னவோ, தெருவுக்கே கேட்கும்படி கத்தினார்.

"இந்தம்மா மேல எந்தக் கேஸும் கிடையாது! எல்லாரும் கேட்டுக்கங்க!"

அவர் வண்டி தெருமுனை தாண்டியதுதான் தாமதம், பக்கத்து வீட்டுக்காரி ஓடிவந்து ஆயாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். உண்மையிலேயே அவளுக்குக் கண் கலங்கியிருந்தது.

"அப்பாடா! ஒருவழியா உங்களை விட்டுட்டாங்களா அக்கா? இனிமேலாவது ஒழுங்கா இருங்க."