ராசம்மா சயாமுக்குப் போகவில்லை

ஜப்பான்காரன் காலத்தில் மலேயாவிலிருந்து சயாம் ரயில் பாதை போடப் போய்த் திரும்பாதவர்களின் பட்டியலைக் காஹாங் கோயில் மண்டபத்தில் வாசிக்க என்னை நிறுத்தினார்கள். தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்திலிருந்து பல்கலைக்கழகம் போய்ப் பட்டத்தோடு வந்த முதல் ஆள் நான். கொஞ்சம் நிமிர்ந்துதான் வாசித்தேன். "காளியப்பன் தங்கச்சி ராசம்மா" என்றதும் பின்வரிசையில் ஓர் அம்மா எழுந்தார்.

"தம்பி, நல்லா சத்தமாத்தான் படிக்கிற. ஆனா அந்தப் பேரு தப்பு. வெட்டு."

"அங்கம்மாக்கா, வருசா வருசம் இதே ரோதனையா லா?" என்று யாரோ சலித்துக்கொண்டார்கள்.

கூட்டம் கலைந்த பிறகு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் சொன்னது இதுதான்.

1943. ஜப்பான்காரன் ஆட்சியில் ரப்பர் வேலை நின்றுபோய், கண்ட இடமெல்லாம் மரவள்ளி. அங்கம்மாவும் ராசம்மாவும் ஒரே லயம், ஒரே வயது, இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. ராசம்மா வேறு சாதிக்காரனான வேலுவை விரும்பினாள். அவள் அண்ணன் காளியப்பன்தான் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர். சயாமுக்கு யார் யாரை ஏற்றுவது என்று பெயர் கொடுப்பவனும் அவனே. வேலுவின் பெயரைக் கொடுத்தான்.

லோரி வந்த அன்று அங்கம்மா மலேரியாவில் சுருண்டு கிடந்தாள். எழுந்து நடமாடியபோது, வேலுவின் பின்னாலேயே ராசம்மாவும் ஏறிவிட்டாள் என்றார்கள். பட்டியலிலும் பெயர் இருந்தது.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லாமப் போயிட்டாளேன்னு மூணு மாசம் அவளத் திட்டுனேன் தம்பி. செத்தவளத் திட்டிக்கிட்டு இருந்திருக்கேன்."

ஆடி வெள்ளியன்று கீரை பறிக்க மரவள்ளிக் கொல்லையோரம் போனவள், ஒரு மரத்தடியில் சிவப்புச் சேலையைப் பார்த்தாள். புதுச்சேலை. ஊரே கோணிச்சாக்கைச் சுற்றிக்கொண்டு திரிந்த காலம் அது. பக்கத்தில் கண்ணாடி வளையல், மஞ்சள், விளக்கு. கல்யாணமாகாமல் செத்த பெண் வீட்டைச் சுற்றி வருவாள் என்று பயந்து வைக்கிற கன்னிப் படையல். கும்பிட்டுக்கொண்டிருந்தவள் காளியப்பனின் மனைவி.

"யாருக்கு அண்ணி படையல்?"

"கனவுல வந்து நிக்கிறாடி. கழுத்தப் புடிச்சுக்கிட்டே..." அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "போடி, கீரையப் பாரு."

அந்த வீட்டில் கல்யாணமாகாத பெண் ராசம்மா ஒருத்திதான்.

மறுநாள் காலைப் பெரட்டில், ஆள் எண்ண எல்லாரும் வரிசையாக நிற்கும்போது, அங்கம்மா கேட்டாள்: "அண்ணே, உசுரோட சயாமுக்குப் போனவளுக்கு எதுக்குக் கன்னிச் சேல?"

காளியப்பன் சிரித்தான். "அடுத்த லோரில எடம் இருக்கு. ஏறிக்கிறியா?"

அன்றே தோட்டத்தை விட்டுக் குளுவாங் பட்டணத்துக்கு நடந்தாள். காவல் நிலையத்தில், "லோரி லோரியா ஆளுங்க போறாங்க, நீ ஒருத்தியத் தேடிக்கிட்டு வந்துட்டியா?" என்று விரட்டினார்கள். சொந்தக்காரர் வீட்டில் ஒளிந்திருந்து, சண்டை முடிந்த பிறகுதான் திரும்பினாள். இரண்டு பெண்களைக் கூட்டிப்போய் அந்த மரத்தடியைத் தோண்டினாள். எலும்பும், ராசம்மாவின் செப்புக் காப்பும் கிடைத்தன.

வெள்ளைக்காரன் திரும்பி வந்திருந்தான். ஆனால் காவல் நிலையத்தில் பதில் மாறவில்லை. எங்கே தோண்டினாலும் எலும்பு வருகிற காலம். பட்டியலில் சயாம் என்று இருக்கிறதே என்றார்கள். அதற்குள் காளியப்பன் கப்பலேறி ஊருக்குப் போய்விட்டான்.

"மானம் போச்சுன்னு செஞ்சிட்டான், விடு தாயி" என்றது லயம்.

"அவன் மானத்துக்கு அவ கழுத்தா?" என்று இவள் கேட்டாள். அதற்குப் பிறகு பாதிப் பேர் இவளோடு பேசவில்லை. எழுதத் தெரியாததால் ஆள் ஆளாகக் கெஞ்சி ஏழு மனு எழுத வைத்தாள். ஏழும் போன இடம் தெரியவில்லை.

"இப்ப என்னம்மா வேணும்?" என்றேன்.

"அவனும் செத்திருப்பான். தூக்குல போடவா சொல்றேன்? அவன் செஞ்சத சப்பான்காரன் தலையில வச்சுப் படிக்காதீங்க. அவ்வளவுதான். எனக்கும் அலுத்துப் போச்சு தம்பி."

பட்டியலில் அந்தப் பெயரை அடித்தேன். தனித்தாளில் எழுதினேன்: ராசம்மா, வயது பத்தொன்பது, காஹாங்கில் அண்ணன் காளியப்பனால் கொல்லப்பட்டவர். அதைச் சேர்ப்பதா வேண்டாமா என்று மண்டபக் குழு இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது. இந்த வருடம் பட்டியலை அந்தப் பெயர் இல்லாமல்தான் வாசித்தேன்; தாளையும் சேர்த்தே வாசித்தேன். கேட்க அவர் வரவில்லை.

அங்கம்மா இப்போது மாசாய் பட்டணத்தில், மகனின் மூன்றாம் மாடி வீட்டில் இருக்கிறார். முழங்கால் வலியால் கீழே இறங்குவதில்லை.