"பிரசாதம் சாப்பிட்டீங்களா?" என்று கேட்ட டாக்டர்

ராஜபாளையத்திலிருந்து போன் வந்தபோது நாங்கள் ஆபரேஷனுக்குக் கை கழுவிக்கொண்டிருந்தோம். மயக்க மருந்து டாக்டர் மும்தாஜ் இறந்துவிட்டார். எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரியின் முதலாளி, பெரிய டாக்டர், "அடடா, நல்ல அம்மா" என்று சொல்லிவிட்டு மறு கையைக் கழுவினார். தியேட்டர் நர்ஸான எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மும்தாஜை அறிந்தவர்களுக்கு அந்தக் கேள்வி அட்டை நினைவிருக்கும். எண்பதுகளில் அவர் தியேட்டர் சுவரில் மாட்டியது. நோயாளி பேர் என்ன, எந்தப் பக்கம் ஆபரேஷன், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, கடைசியாக என்ன சாப்பிட்டார் என்று உரக்க வாசிப்பார். நாங்கள் உரக்கப் பதில் சொல்லவேண்டும். "பள்ளிக்கூடமா நடக்குது?" என்று பெரிய டாக்டர் நக்கலடிப்பார். "எனக்கும் மறக்கும் டாக்டர், அதான் வாசிக்கேன்" என்பார் மும்தாஜ்.

ஒரு புரட்டாசி சனிக்கிழமை, மம்சாபுரத்துக்காரர் ஒருவர் குடலிறக்க ஆபரேஷனுக்கு வந்தார். வெறும் வயிறுதான் என்று சாதித்தார். மும்தாஜ் விடவில்லை. "காப்பி? வெத்தல? கோயில் பிரசாதம்?"

"நம்மூரு திருவண்ணாமலப் பெருமாள் கோயில் பொங்கல், ரெண்டு வாய். பிரசாதம் சாப்பாட்டுல சேருமாம்மா?"

"வயித்துக்குப் பொங்கலும் ஒண்ணுதான், பிரியாணியும் ஒண்ணுதான்யா. மயக்கத்துல அது மேல வந்து நெஞ்சுக்குள்ள போச்சுன்னா மூச்சு நின்னுரும்."

ஆபரேஷன் தள்ளிப்போனது. 'பிரசாதம்' என்ற சொல் அட்டையில் ஏறியது. ஒரு கேஸ் கெட்டதென்று பெரிய டாக்டர் அன்று முழுக்க எரிந்து விழுந்தார்.

பிறகு மும்தாஜ் விடுப்பில் போனார். நானும் காய்ச்சலில் கிடந்தேன். வெள்ளையடிக்கக் கழற்றிய அட்டையைத் திரும்ப மாட்ட ஒருவருக்கும் மனம் வரவில்லை. ராகுகாலத்துக்கு முன் முடிக்கவேண்டுமென்று ஓர் இளம்பெண்ணை அவசரமாக உள்ளே கொண்டுபோனார்கள். அவள் பிழைக்கவேண்டுமென்று மாமியார் வைத்தியநாதர் கோயில் பிரசாதத்தை ஊட்டி அனுப்பியிருந்தார். யாரும் கேட்கவில்லை. அவள் பிழைக்கவில்லை.

"இருதயம் பலவீனம்" என்றார் பெரிய டாக்டர். விடுப்பு முடிந்து வந்த மும்தாஜ் அந்த வீட்டுக்கே போய் மாமியாரிடம், "இருதயம் இல்ல ஆச்சி. உங்க மேலயும் தப்பில்ல. நாங்க கேட்டிருக்கணும்" என்று சொல்லிவிட்டார். அதன்பின் எங்கள் ஆஸ்பத்திரி அவரை ஆபரேஷனுக்குக் கூப்பிடவே இல்லை.

இரங்கல் கூட்டத்தில் அதே பெரிய டாக்டர் "எங்கள் குடும்பத்தில் ஒருவர்" என்று கண்ணைத் துடைத்தார். என்ன நெஞ்சழுத்தம்! படத்துக்கு மாலை போடத் தெரிந்த கைக்கு அட்டையை மாட்டத் தெரியவில்லை.

நான் மாட்டிவிட்டேன். மும்தாஜிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த அட்டையும் அவருடைய பிடிவாதமும்தான். நேற்று நோயாளி விழித்திருக்கும்போதே கத்தித் தட்டை மூடிப் பிடித்துக்கொண்டேன். "மொதல்ல வாசிங்க டாக்டர். பொறவு தாரேன்."

முறைத்துக்கொண்டு நின்றார். பிறகு முணுமுணுவென்று வாசித்தார்.

உரக்க வாசிக்கச் சொன்னேன்.