வாயைத் திறந்து காட்டிய செக்கர்

பேருந்துகளில் ஏறி டிக்கெட் பரிசோதிப்பது செக்கரின் உத்தியோகம். "வாங்கினேன் சார், எங்கேயோ விழுந்துடுச்சு" என்று கையைப் பிசைந்த ஒருவரையும் இருபத்திரண்டு வருடத்தில் அவர் நம்பியதில்லை. நம்பாமல் இருப்பதற்குத்தான் சம்பளம். அப்பேர்ப்பட்டவரை இப்போது சொந்த வீட்டில் யாரும் நம்பவில்லை.

எட்டு மாதத்துக்கு முன் மனச்சோர்வு வந்து உட்கார்ந்தது. குளிக்கப் போனால் வாளி நிரம்பி வழிவதைப் பார்த்துக்கொண்டே இருப்பார். குளிப்பது என்பது வேறு யாருடைய பொறுப்போ என்பதுபோல. டாக்டர் மாத்திரை எழுதினார். விழுங்கினார். ஒன்றும் நடக்கவில்லை. அளவைக் கூட்டினார்கள். அதையும் விழுங்கினார். ஊஹூம்.

மனைவியின் தம்பியோ அதே நோய்க்கு அதே மாத்திரையைத் தின்று, ஒரே மாதத்தில் சீட்டியடிக்க ஆரம்பித்திருந்தான்.

"முழுங்கினாத்தானே மச்சான் வேலை செய்யும்? சன்னல் வழியா வீசினா தெருவுக்குத்தான் குணமாகும்."

அன்றிலிருந்து தினமும் காலை எட்டு மணிக்கு, சமையலறையில் கைபேசி வெளிச்சத்தில் மனைவியின் சோதனை.

"நாக்கைத் தூக்குங்க. இந்தக் கன்னம். ம்... அந்தக் கன்னம்."

செக்கர் சமர்த்தாகக் காட்டினார். அப்படியும் தேறவில்லை. கடைசியில், ரத்தத்தில் மருந்து எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கச் சொன்னார் டாக்டர். தன் ரத்தமாவது தன் பக்கம் பேசும் என்று நம்பினார் செக்கர். அது கட்சி மாறிவிட்டது: மருந்து கிட்டத்தட்ட இல்லவே இல்லை.

மனைவி கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "விளக்கடிச்சுப் பார்த்தும் என்னை ஏமாத்தியிருக்கீங்க. இனி என்னால முடியாது. நான் அம்மாகிட்டயே போயிடறேன்."

"ஆஸ்பத்திரியிலேயே படுத்துக்கறேன்," என்றார் அவர். "அவங்களே கொடுக்கட்டும், அவங்களே பார்க்கட்டும். அப்புறம் போ."

பத்து நாள் படுத்தார். நர்ஸ் மாத்திரையைக் கொடுத்துவிட்டு அரை மணி நேரம் பக்கத்திலேயே காவல் இருந்தாள். மறுபடி ரத்தம். மறுபடி இல்லை. டாக்டர் முதல்முறையாகக் காகிதத்தை விட்டு ஆளைப் பார்த்தார். மரபணுச் சோதனைக்கு எழுதினார்.

மூன்று வாரம் கழித்து முடிவு வந்தது. "சிலருக்குப் பிறவியிலேயே இப்படி. இந்த மருந்தை உடைக்கிற வேலையை இவரோட கல்லீரல் படுவேகமா செய்யுது. நாம கொடுக்கிறது ரத்தத்துல தங்கறதே இல்ல."

"அப்போ... இவர் முழுங்கினாரா?" என்றாள் மனைவி.

"ஒண்ணு விடாம."

"மச்சான் உடம்புலயும் ஒரு சுறுசுறுப்பான ஆள் இருக்கான்!" என்றான் கூட வந்திருந்த தம்பி. யாரும் சிரிக்கவில்லை.

மனைவி முகத்தை மூடிக்கொண்டாள். செக்கர் தனக்குள் சந்தோஷத்தைத் தேடிப் பார்த்தார். நிரபராதி என்று தீர்ப்பாகிவிட்டது. நெஞ்சில் கிடந்த கல் மட்டும் ஒரு விரற்கடைகூட நகரவில்லை.

"உடம்பு வேற வழியில உடைக்கிற மருந்து தரேன்," என்றார் டாக்டர். "ஆறு வாரம் ஆகும். கேட்கும்னு உறுதி சொல்ல முடியாது."

"ஆறு வாரம் சரி டாக்டர். இன்னைக்குச் சாயங்காலத்தை நான் என்ன பண்றது?"

டாக்டர் மருந்துச் சீட்டை எழுதி நீட்டினார்.

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "வாங்க, நடந்தே போலாம்."

வீடு நாலு கிலோமீட்டர். அவர் மறுக்கவில்லை.